டம்ளரைக் கவனிக்கும் காமிரா!

பக்கவாதம் வந்து தேறியவர்களிடம் பேசிப் பாருங்கள். பலரும் சொல்வது இதுதான்: "மெதுவா நடக்க ஆரம்பிச்சுட்டேன் டாக்டர். இந்தக் கைதான் சொன்ன பேச்சே கேட்க மாட்டேங்குது!"

காரணம் இருக்கிறது. காலுக்கு வேறு வழியில்லை. பாத்ரூம் வரை போவதற்குக்கூட அந்தக் கால் நடந்தே ஆகவேண்டும். அதனால் தினமும் அதற்குப் பயிற்சி கிடைத்துவிடுகிறது. கைக்கு அப்படியா? ஒன்று முடியவில்லை என்றால் இன்னொன்று இருக்கிறதே! சாப்பிடுவது, சட்டைப் பட்டன் போடுவது, டி.வி. ரிமோட்டை அழுத்துவது என்று எல்லாவற்றையும் நல்ல கையே செய்து பழகிவிடுகிறது. முடியாத கை சும்மா மடியில் கிடக்கிறது. நாளாக ஆக, தன்னால் முடிகிற கொஞ்சநஞ்ச வேலையைக்கூட அது செய்வதில்லை. எட்வர்ட் டௌப் என்ற அமெரிக்க உளவியலாளர் முதலில் குரங்குகளிடம் இதைக் கவனித்தார். பிறகு மனிதர்களிடமும் இதே கதைதான் என்று காட்டினார். உபயோகிக்காமலே இருந்து பழகிப்போன கை!

இதை மாற்ற அந்தக் கையை வேலை வாங்க வேண்டும். பத்து தடவை, இருபது தடவை போதாது. மிருகங்களை வைத்துச் செய்த ஆராய்ச்சிகளில், மூளை தன்னைத் திருத்தி அமைத்துக்கொள்ள ஒரே அசைவை ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கான தடவை செய்யவேண்டி இருந்தது. நிஜத்தில் நோயாளிகளுக்கு எவ்வளவு கிடைக்கிறது? அமெரிக்காவிலும் கனடாவிலும் 312 பயிற்சி நேரங்களை உட்கார்ந்து எண்ணிப் பார்த்திருக்கிறார்கள். 2009-ல் முடிவை வெளியிட்டார்கள். ஒரு பொருளை எடுப்பது, வைப்பது போன்ற உருப்படியான கை வேலை, ஒரு தடவை பயிற்சிக்குப் போனால் சராசரியாக 32 முறைதான்!

தெரபிஸ்டுகளைக் குறை சொல்லிப் பயனில்லை. அவர்களுக்கு நேரம் இல்லை, நோயாளிக்குப் பொறுமை இல்லை. "இந்தக் கட்டையை இங்கேயிருந்து எடுத்து அங்கே வைங்க... மறுபடி எடுங்க... மறுபடி வைங்க" என்றால் எத்தனை நேரம்தான் செய்வார் மனுஷர்?

இந்த இடத்தில்தான் வீடியோ கேம்ஸ் மருத்துவமனைக்குள் நுழைந்தது.

கையில் ஒரு ரிமோட்டைப் பிடித்து ஆட்டினால் திரையில் டென்னிஸ் மட்டை ஆடும் 'வீ' விளையாட்டை நின்டென்டோ கம்பெனி 2006-ல் கொண்டுவந்தது. 2010 நவம்பரில் மைக்ரோசாஃப்ட் ஒரு படி மேலே போய், 'கினெக்ட்' என்ற காமிராவை விற்க ஆரம்பித்தது. கையில் எதையுமே பிடிக்க வேண்டாம். காமிரா முன்னால் நின்று கையை வீசினால் போதும். குழந்தைகளுக்காக வந்த சாமான் இது. ஆனால் பிசியோதெரபி நிபுணர்கள் இதைப் பிடித்துக்கொண்டார்கள். கினெக்ட் சாதாரணக் காமிரா இல்லை. அது தூரம் பார்க்கும் காமிரா!

தூரத்தை எப்படிப் பார்க்கிறது?

சாதாரணக் காமிரா எடுக்கும் படத்தில் நிறம்தான் தெரியும். கை உடம்பை ஒட்டி இருக்கிறதா, அரை அடி முன்னால் நீண்டிருக்கிறதா என்பதை நாம் ஊகிக்கிறோம். கம்ப்யூட்டருக்கு அந்த ஊகம் அத்தனை சுலபமில்லை. தூரம் பார்க்கும் காமிராவோ, படத்தின் ஒவ்வொரு புள்ளிக்கும் 'இது இத்தனை மில்லிமீட்டர் தள்ளி இருக்கிறது' என்று ஒரு எண்ணைக் கொடுத்துவிடும்.

ஒரு சின்னப் பரிசோதனை செய்யுங்கள். ஆள்காட்டி விரலை மூக்குக்கு நேரே நீட்டி, ஒரு கண்ணை மூடிப் பாருங்கள். அப்புறம் மறு கண்ணை மூடிப் பாருங்கள். விரல் இடம் மாறிக் குதிக்கிறதா? விரலை இன்னும் கிட்டே கொண்டுவந்தால் அதிகமாகக் குதிக்கும். தள்ளிக் கொண்டுபோனால் குறைவாகக் குதிக்கும். குதிப்பின் அளவை வைத்தே தூரத்தைச் சொல்லிவிடலாம். முதல் கினெக்ட் செய்தது இதைத்தான். ஒரு பக்கத்திலிருந்து, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிர்ப் புள்ளிகளை ஆயிரக்கணக்கில் அறை முழுவதும் தெளிக்கும். இன்னொரு பக்கத்திலிருந்து, எந்தப் புள்ளி எவ்வளவு இடம் மாறி விழுந்திருக்கிறது என்று பார்க்கும். விநாடிக்கு 30 தடவை!

2013-ல் வந்த இரண்டாவது கினெக்டில் வேறு வித்தை. ஒளி போய்ப் பொருளில் பட்டுத் திரும்ப எவ்வளவு நேரமாகிறது என்று அளந்தார்கள். ஒரு மீட்டர் தள்ளி இருக்கும் கையில் பட்டு ஒளி திரும்பிவர ஆகும் நேரம், ஒரு விநாடியை நூறு கோடி பாகமாகப் பிரித்தால் அதில் ஏழு பாகம்கூட இல்லை. அதையும் அளக்கிறது!

("அகச்சிவப்புக் கதிரா? கண்ணுக்கு ஆபத்து இல்லையா?" என்று பயப்பட வேண்டாம். டி.வி. ரிமோட்டிலிருந்து வருவதும் அகச்சிவப்புக் கதிர்தான். கினெக்ட், சாதாரண உபயோகத்தில் பாதுகாப்பானது என்ற முதல் வகுப்பு லேசர் பிரிவில் வைக்கப்பட்ட கருவி.)

வெறும் கை போதாது

கினெக்ட் வந்த புதிதில் எல்லோருக்கும் குஷி. திரையில் பழங்கள் பறக்கும், கையை வீசி வெட்டலாம். நோயாளிகள் சிரித்துக்கொண்டே கையைத் தூக்கினார்கள். ஆனால் கொஞ்சம் யோசியுங்கள். நமக்கு வேண்டியது காற்றில் பழம் வெட்டும் கையா? ஒரு டம்ளர் தண்ணீரை எடுத்துத் தானே குடிக்கும் கை அல்லவா?

இரண்டுக்கும் எவ்வளவோ வித்தியாசம். ஒரு டம்ளரை நெருங்கும்போதே விரல்கள் அதன் அகலத்துக்குத் தகுந்தபடி விரிகின்றன. தொட்டவுடன், அது வழுவழுப்பா சொரசொரப்பா என்று விரல் நுனித் தோல் மூளைக்குச் சொல்கிறது. அதற்குத் தகுந்த அழுத்தத்தை மூளை கொடுக்கிறது. கூடினால் காகிதக் கப் நசுங்கும். குறைந்தால் டம்ளர் நழுவும். சுவீடனைச் சேர்ந்த ரோலண்ட் யோஹான்சன், யோரான் வெஸ்ட்லிங் இருவரும் 1984-ல் வெளியிட்ட ஆய்வில், விரல் நுனியை மரத்துப்போகச் செய்து பொருளைத் தூக்கச் சொன்னார்கள். தசைகளில் பலம் அப்படியே இருந்தது. ஆனால் வழுக்கலுக்குத் தகுந்தபடி பிடியை மாற்றும் சாமர்த்தியம் போய்விட்டது. காற்றில் கையை வீசும் விளையாட்டில் இந்தச் சாமர்த்தியத்துக்குப் பயிற்சியே இல்லையே!

தவிர, முதல் கினெக்டுக்கு விரல்களே தெரியாது. உடம்பில் 20 மூட்டுகளை அது அடையாளம் காணும். அதில் கை என்பது ஒரே ஒரு புள்ளி. மூடிய கையா, விரித்த கையா... அதற்குப் பெரிதாகத் தெரியாது.

சரி, விரலைப் பார்க்க முடியாவிட்டால் என்ன, விரல் பிடித்திருக்கும் பொருளைப் பார்க்கலாமே! இது நல்ல யோசனை. டம்ளர் மேஜையை விட்டு எழும்பினால் விரல்கள் பிடித்திருக்கின்றன என்று அர்த்தம். நேராக எழும்பினால் மணிக்கட்டு சரியாக இருக்கிறது. வாய்ப்பக்கம் வந்து சாய்ந்தால் முன்கை திரும்புகிறது. பக்கவாதம் வந்த பலருக்கு இந்த முன்கைத் திருப்பம்தான் ரொம்பவும் கஷ்டம். உள்ளங்கையை மேல்நோக்கித் திருப்பச் சொன்னால் தோள்பட்டையைத் தூக்கிச் சமாளிப்பார்கள். டம்ளரின் சாய்வு காட்டிக் கொடுத்துவிடும்!

டப்பாவும் மூடியும்

ஒரு பொருள் எங்கே, எப்படி இருக்கிறது என்று சொல்ல ஆறு எண்கள் வேண்டும். இடவலம், மேல்கீழ், முன்பின் ஆகிய மூன்றும் இடத்தைச் சொல்லும். மற்ற மூன்றும் எந்தப் பக்கம் எவ்வளவு சாய்ந்து, திரும்பி இருக்கிறது என்று சொல்லும். இந்த ஆறையும் விநாடிக்கு 30 தடவை கண்டுபிடிக்க வேண்டும்.

எப்படி? டம்ளரின் உருவத்தை முன்கூட்டியே கம்ப்யூட்டருக்குக் கொடுத்துவிடுகிறார்கள். காமிரா அனுப்பும் புள்ளிக் கூட்டத்தின் மேல் அந்த உருவத்தை அது பொருத்திப் பார்க்கிறது. எவர்சில்வர் டப்பாவுக்கு மூடி போடுவது போலத்தான். வைத்துப் பார்க்கிறோம், உட்காரவில்லை. கொஞ்சம் திருப்புகிறோம், கொஞ்சம் நகர்த்துகிறோம், 'டக்'கென்று உட்கார்ந்துவிடுகிறது. கம்ப்யூட்டரும் ஒவ்வொரு புள்ளிக்கும் உருவத்தில் மிக அருகில் இருக்கும் இடத்தைத் தேடி, இடைவெளி குறையும்படி நகர்த்தி, மறுபடி தேடி, மறுபடி நகர்த்துகிறது. 1992-ல் பால் பெஸ்ல், நீல் மெக்கே என்ற இருவர் எழுதிவைத்த முறை இது. இன்றைக்கும் இதன் பேரன், பேத்திகள்தான் வேலை செய்கின்றன.

போன படத்தில் டம்ளர் எங்கே இருந்ததோ, அங்கிருந்துதான் இந்தத் தேடல் தொடங்கும். அதனால் படாரென்று வேகமாக வீசினால் கம்ப்யூட்டர் கோட்டை விட்டுவிடும். பக்கவாதக் கை மெதுவாக நகரும் கை. நோயாளிக்கு அது கஷ்டம், காமிராவுக்கு அது சௌகரியம்!

கஷ்டம் வேறு இடத்தில் இருக்கிறது. இரண்டு மீட்டர் தள்ளி இருக்கும் 7 சென்டிமீட்டர் அகல டம்ளர், முதல் கினெக்டின் படத்தில் சுமார் 20 புள்ளி அகலம்தான். அதிலும் பாதியை விரல்கள் மூடிக்கொள்கின்றன. எது விரல், எது டம்ளர்? பிடி எவ்வளவு நன்றாக இருக்கிறதோ அவ்வளவுக்கு டம்ளர் மறைந்து போகிறது! இதனால்தான் பயிற்சிக்கென்று செய்யும் பொருள்களில் கைக்கு மேலே ஒரு கொண்டை, கீழே ஒரு வால் என்று எதையாவது நீட்டி வைக்கிறார்கள்.

உருண்டையான டம்ளரில் இன்னொரு வம்பு. அதைச் சுற்றிச் சுற்றித் திருப்பினாலும் உருவம் ஒரே மாதிரிதான் இருக்கும். திருப்பியது கம்ப்யூட்டருக்குத் தெரியவே தெரியாது. காதுள்ள காபி கோப்பை என்றால் காது இருக்கும் பக்கத்தை வைத்துக் கண்டுபிடித்துவிடும். இல்லாவிட்டால் கலர் பட்டை ஒட்டி, பக்கத்தில் ஒரு சாதாரணக் காமிராவையும் வைக்க வேண்டும்.

எல்லாவற்றையும்விட மோசமான எதிரி எது தெரியுமா? நம் வீட்டு எவர்சில்வர் டம்ளர்! பளபளவென்று தேய்த்து வைத்திருக்கிறோமே, அது கண்ணாடி மாதிரி அகச்சிவப்புக் கதிரை வேறு பக்கம் அடித்துவிடும். காமிராவுக்குத் திரும்பி வருவது சொற்பம். படத்தில் டம்ளர் இருக்கவேண்டிய இடத்தில் ஓட்டை தெரியும், அல்லது தூரம் தப்பாக வரும். கண்ணாடி கிளாஸில் கதிர் ஊடுருவிப் போய்விடும். கறுப்பு நிறப் பொருள் கதிரைக் குடித்துவிடும். மங்கலான வெளிர் நிற பிளாஸ்டிக்கோ மரமோதான் உத்தமம். எவர்சில்வர்தான் வேண்டும் என்றால் சுற்றிலும் வெள்ளைக் காகிதம் ஒட்டிவிட்டால் போயிற்று.

இல்லாத தண்ணீர்

டம்ளர் இருக்கும் இடம் தெரிந்துவிட்டது. இனி விளையாட்டுதான். நிஜ உலகத்தின் மேலே கற்பனைப் படத்தை ஒட்டிக் காட்டும் வித்தைக்கு 'ஆக்மென்டட் ரியாலிட்டி' என்று பெயர். நிஜமும் கற்பனையும் கலந்த காட்சி என்று வைத்துக்கொள்ளுங்களேன். திரையில் நோயாளி தன்னையே பார்க்கிறார். கையில் இருப்பது காலி டம்ளர். திரையிலோ அதில் தண்ணீர் ததும்புகிறது! டம்ளர் சாய்ந்தால் சிந்துகிறது. நேராகக் கொண்டுபோய்ச் செடிக்கு ஊற்றினால் பூ பூக்கிறது. நிஜத் தண்ணீரை வைத்து இதைச் செய்தால் நாலாவது தடவையே வேட்டியும் தரையும் நனைந்து, வழுக்கி விழும் அபாயம் வேறு. கற்பனைத் தண்ணீரில் அந்தத் தொல்லை இல்லை. நாற்பது தடவையும் சிந்தலாம்!

படம் தாமதமாக மட்டும் வரக்கூடாது. கை ஓரிடத்தில், திரையில் டம்ளர் வேறிடத்தில் என்றால் நோயாளி இல்லாத தவறைத் திருத்த ஆரம்பித்துவிடுவார்.

என்னைக் கேட்டால், இந்தக் காமிராவின் பெரிய உபகாரம் பூ பூப்பதில் இல்லை. உடம்பைக் கவனிப்பதில்தான் இருக்கிறது. முடியாத கையால் டம்ளரை எட்டும்போது, நோயாளி முழங்கையை நீட்டாமல் முதுகைக் குனிந்து முன்னால் சாய்ந்துவிடுவார். டம்ளர் கைக்கு வந்துவிடும். வீட்டில் எல்லோரும் "பலே!" என்பார்கள். ஆனால் வேலை செய்தது முதுகு, கை அல்ல. ரிமோட் பிடித்து ஆடும் விளையாட்டுக்கு இது தெரியாது. கையின் அசைவு மட்டும்தான் தெரியும். தூரம் பார்க்கும் காமிரா டம்ளரோடு தோளையும் மார்பையும் சேர்த்துப் பார்க்கிறது. மார்பு முன்னால் நகர்ந்தால் "நிமிர்ந்து உட்காருங்கள்" என்று சொல்லும்படி அமைத்துவிடலாம்.

இதனால் கை சரியாகிவிடுமா?

இந்தக் கேள்விக்கு நேர்மையாகப் பதில் சொல்லியாக வேண்டும். ஏனென்றால் 'கம்ப்யூட்டர் தெரபி' என்று போர்டு மாட்டினாலே கட்டணம் ஏறிவிடுகிறது.

கனடா, அர்ஜென்டினா, பெரு, தாய்லாந்து ஆகிய நான்கு நாடுகளில் 14 மருத்துவமனைப் பிரிவுகள் சேர்ந்து ஒரு பரிசோதனை நடத்தின. 2016-ல் முடிவு வெளியானது. பக்கவாதம் வந்து மூன்று மாதத்துக்குள் இருந்த 141 பேர். எல்லோருக்கும் வழக்கமான பயிற்சி உண்டு. அதற்கு மேல், பாதிப் பேருக்கு 'வீ' விளையாட்டு. மீதிப் பேருக்கு சீட்டு விளையாடுவது, கட்டை அடுக்குவது, பந்து எறிவது போன்ற பழைய விளையாட்டுகள். இரண்டு வாரத்தில் பத்து தடவை, தடவைக்கு ஒரு மணி நேரம். முடிவு என்ன தெரியுமா? இரண்டு கோஷ்டிக்குமே கை தேறியது. இரண்டுக்கும் வித்தியாசமே இல்லை! சீட்டுக்கட்டும் கம்ப்யூட்டரும் சமம்.

மருத்துவ ஆய்வுகளை எல்லாம் திரட்டி எடைபோடும் காக்ரேன் அமைப்பு, 2017-ல் 72 ஆய்வுகளை வைத்துப் பார்த்தது. வழக்கமான கைப்பயிற்சியை எடுத்துவிட்டு அதற்குப் பதிலாகக் கம்ப்யூட்டர் விளையாட்டை வைத்தால் பெரிய லாபம் தெரியவில்லை. வழக்கமான பயிற்சி போக, கூடுதலாக இதையும் செய்தால் கைக்குப் பலன் தெரிந்தது. 2025-ல் இன்னும் நிறைய ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, விளையாட்டின் பக்கம் தராசு சிறிதளவு சாய்ந்தது. சிறிதளவுதான்.

ஆகவே, "பிசியோதெரபிக்குப் பதிலா இந்த மெஷினே போதும்" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். "பிசியோதெரபி போக இதையும் அரை மணி நேரம் செய்யலாம்" என்றால் தாராளமாகச் செய்யுங்கள். இத்தனை தடவை என்று எண்ணிக்கை ஏறுகிறதா, கையில் ஒரு பொருள் இருக்கிறதா, முதுகு ஏமாற்றாமல் யாராவது கவனிக்கிறார்களா... இந்த மூன்றையும் விசாரியுங்கள். மெஷின் வெளிநாடா உள்நாடா என்பது அப்புறம்.

வீட்டுக்கே வாங்கலாமா?

அவசரப்படாதீர்கள். மைக்ரோசாஃப்ட் 2017-லேயே கினெக்ட் தயாரிப்பை நிறுத்திவிட்டது. மென்பொருள் உருவாக்குபவர்களுக்காகவும் நிறுவனங்களுக்காகவும் கொண்டுவந்த அடுத்த மாடலையும் 2023-ல் நிறுத்தியது. கடையில் கிடைப்பது பெரும்பாலும் பழைய சரக்கு. 2020 முதல் சில விலை உயர்ந்த ஐஃபோன்களின் பின்பக்கத்திலேயே தூரம் பார்க்கும் கருவி வைக்கிறார்கள். ஆனால் கருவி இருந்தால் மட்டும் ஆயிற்றா? உங்கள் வீட்டுப் பெரியவரின் கைக்குத் தகுந்த பயிற்சியை அதில் யார் போட்டுக் கொடுப்பது? தெரபிஸ்டைக் கேட்காமல் காசைக் கொட்டாதீர்கள்.

மருத்துவமனையிலோ வீட்டிலோ இப்படிப் பயிற்சி செய்கிறவர்கள் சில விஷயங்களைக் கவனிக்க வேண்டும். ஜன்னல் வெயில் மேலே விழும் இடம் வேண்டாம். வெயிலிலேயே அகச்சிவப்புக் கதிர் ஏராளமாக இருப்பதால் காமிரா திணறும். தொளதொள சட்டையும், முந்தானை தொங்கும் புடவையும் மூட்டுகளை மறைத்துவிடும். உடம்போடு ஒட்டிய உடை நல்லது. துணைக்கு நிற்பவர் பக்கத்தில் ஒட்டி நின்று கையை நீட்டினால், அவர் கையையும் நோயாளியின் கையாகக் காமிரா நினைத்துக்கொள்ளும். அதற்காகத் துணைக்கு ஆளில்லாமல் விட்டுவிடக் கூடாது. பின்னால் தள்ளி, எட்டிப் பிடிக்கிற தூரத்தில் நிற்கட்டும். நோயாளி கைப்பிடி உள்ள நாற்காலியில், இரண்டு பாதமும் தரையில் படும்படி உட்காரவேண்டும்.

தோள் வலி இருந்தால் அன்றைக்கு விளையாட்டு வேண்டாம். பக்கவாதத்தில் தளர்ந்த தோள், மூட்டிலிருந்து சற்றே இறங்கி இருக்கலாம். "இன்னும் கொஞ்சம் தூக்கு" என்று வீட்டார் கையைப் பிடித்து இழுப்பது ரொம்பத் தப்பு. வலிப்பு வந்த சரித்திரம் உள்ளவர்கள், திரையைப் பார்த்தால் தலை சுற்றுபவர்கள், ரத்த அழுத்தம் கட்டுக்குள் இல்லாதவர்கள் டாக்டரிடம் கேட்காமல் ஆரம்பிக்கக் கூடாது.

காமிராவே இல்லை என்றாலும் ஒன்றும் குடி முழுகிப்போகவில்லை. சமையல் கட்டிலிருந்து ஒரு பிளாஸ்டிக் டம்ளரை எடுங்கள். காலியாகவே இருக்கட்டும். மேஜையில் இரண்டு இடத்தில் சாக்பீஸால் வட்டம் போடுங்கள். ஒரு வட்டத்திலிருந்து எடுத்து இன்னொன்றில் வைக்கச் சொல்லுங்கள். நாற்காலியின் முதுகோடு ஒரு துண்டை மார்பைச் சுற்றித் தளர்வாகக் கட்டினால், முன்னால் சாயும்போது துண்டு இழுத்து நினைவூட்டும். (இதைத் தெரபிஸ்ட் முன்னிலையில் ஒரு தடவை செய்து காட்டிவிட்டு ஆரம்பியுங்கள். நாற்காலி சாயாததாக இருக்கவேண்டும்.) பேரனையோ பேத்தியையோ பக்கத்தில் உட்கார வைத்து எண்ணச் சொல்லுங்கள். "தாத்தா, முப்பத்தெட்டு!" என்று அந்தக் குழந்தை கத்தும்போது, 312 பயிற்சி நேரங்களின் சராசரியைத் தாத்தா தாண்டிவிட்டார்!

"பக்கவாதம் வந்து ரெண்டு வருஷம் ஆச்சே, இனிமே என்ன பிரயோஜனம்?" என்று கேட்பவர்களும் உண்டு. நல்ல கையைக் கட்டிப்போட்டு, முடியாத கையை நாளெல்லாம் வேலை வாங்கும் முறையை டௌப் 1990-களில் சோதித்தது, நோய் வந்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆனவர்களிடம்தான். அவர்களுக்கும் பலன் கிடைத்தது. ஆனால் கையில் கொஞ்சமாவது அசைவு மிச்சம் இருக்கவேண்டும். உங்கள் வீட்டுப் பெரியவரின் முன்கையை மேஜை மேல் வைத்து, மணிக்கட்டை விளிம்புக்கு வெளியே தொங்கவிட்டு, "கையை மேலே தூக்குங்க" என்று சொல்லிப் பாருங்கள். துளியாவது தூக்கினாரென்றால், அதை இந்த வாரமே தெரபிஸ்டிடம் சொல்லுங்கள். எந்தப் பயிற்சியில் ஆரம்பிப்பது என்று முடிவு செய்ய அவர் முதலில் பார்ப்பதே அந்த அசைவைத்தான்.